40,000 வாங்கிக்கொண்டு கணினியின் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் – எச்சரிக்கை

இணையவழியாகக் கணினி நுட்பர்களை அமர்த்தித் தரும் ஒரு தளத்திடம் 40,000 கொடுத்து, எங்கள் சொந்தக் கணினியையே எங்களால் திறக்க முடியாத நிலைக்கு வந்து சேர்ந்தோம். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் தளத்தின் பெயரை எழுதவில்லை. எந்த வகைத் தளம் என்று மட்டும் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும்; நுட்பர் ஒருவரை ஒதுக்கும்; வேலை முடிந்தது என்று வாடிக்கையாளர் ஒரு குறியெண்ணைச் சொன்னதும் பணத்தை நுட்பருக்கு விடுவிக்கும். அலுவலகம், பள்ளி, நூலகம் என எங்கேயாவது பலர் பகிர்ந்து பயன்படுத்தும் விண்டோஸ் கணினிகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாகப் படியுங்கள்.

எங்களிடம் இருப்பவை 6 கணினிகள். பணியாளர்கள் அதைவிட அதிகம் என்பதால், ஒருவர் எழுந்ததும் அதே இருக்கையில் இன்னொருவர் அமர்ந்து வேலையைத் தொடர்வார். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததை ஒட்டி எல்லாவற்றையும் விண்டோஸ் 11க்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போதே பயனர் உரிமைகளையும் ஒழுங்குபடுத்திவிடலாம் என்று முடிவு செய்தோம். நாங்கள் கேட்டதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஒவ்வொரு பணியாளருக்கும் தனித்தனியே சாதாரணப் பயனர் கணக்கு வேண்டும். கணினியில் எதையும் நிறுவவும் மாற்றவும் முழு உரிமையுள்ள நிர்வாகி கணக்கு எங்கள் பொறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். கணக்குவழக்குக் கோப்புறையை இருவர் மட்டுமே திறக்க முடிய வேண்டும். என்ன செய்யப்பட்டது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். இவை அனைத்தும் ஒப்பந்தத்தில் எழுத்துவடிவில் உள்ளன. இவற்றுக்குத்தான் 40,000.

நுட்பர் பணிவாகவும் தெளிவாகவும் பேசினார். நிர்வாகி உரிமையோடு அன்றாட வேலை செய்வது ஏன் ஆபத்து என்பதை அவரே எங்களுக்கு விளக்கினார். நிர்வாகி கணக்கில் இருப்பவர் தெரியாமல் ஒரு தீய நிரலைத் திறந்தால் அது கணினி முழுவதையும் கைப்பற்ற முடியும் என்றும், சாதாரணக் கணக்கில் திறந்தால் பாதிப்பு பெரும்பாலும் அந்தக் கணக்கோடு நின்றுவிடும் என்றும் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பிறகு எங்கள் கண் முன்னாலேயே ஒரு சாதாரணக் கணக்கில் நுழைந்து, ஒரு மென்பொருளை நிறுவ முயன்று காட்டினார். திரை மங்கியது, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி நடுவில் வந்து நின்றது. “பாருங்க சார், இனிமே உங்க அனுமதி இல்லாம யாரும் எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது. எல்லா சிஸ்டத்துலயும் இதே மாதிரிதான் செட் பண்ணியிருக்கேன். அந்த கோட் நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்றார். கேட்ட வேலை கண்ணுக்கு முன்னால் நடந்துகாட்டிய பிறகு எந்த மனிதரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். குறியெண் சொல்லப்பட்டது, 40,000 அந்த நொடியே கைமாறியது. எழுதித் தருவதாகச் சொன்ன குறிப்பு மறுநாள் வரும் என்றார். அது இன்றுவரை வரவில்லை.

சில வாரங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, கணக்குப்பிரிவின் கணினியில் உற்பத்தியாளர் அனுப்பிய பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு நிறுவப்பட்டு மறுதொடக்கம் ஆனது. விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில், விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை, அதாவது மீட்பு எண்ணை, கேட்டு ஒரு நீண்ட கட்டம் வந்தது. 48 இலக்கங்கள், ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். கணினியின் உள்ளே உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு, துவக்க அமைப்பில் மாற்றம் நேர்ந்ததாகக் கண்டால், மறைகுறியாக்கப்பட்ட (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட) வட்டைத் திறக்க மறுத்து இந்த எண்ணைக் கேட்கும். அது பாதுகாப்பு முறையாகச் செயல்படுகிறது என்பதற்கே அடையாளம். ஆனால் அந்த எண்ணை யாரும் எங்களிடம் கொடுக்கவில்லை; அப்படி ஒன்று இருப்பதாகவே சொல்லவில்லை. அதே திரையின் கீழே, கீ எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான குறிப்பாக ஒரு மின்னஞ்சல் முகவரி அரைகுறையாக மறைக்கப்பட்டுத் தெரிந்தது. அதன் முதல் எழுத்துகள் எங்கள் அலுவலகத்தில் யாருடைய முகவரியோடும் பொருந்தவில்லை. எங்களுக்கு வேலை செய்த நுட்பரின் பெயரோடு பொருந்தின.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11ஐ நிறுவும்போது முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகி கணக்காக அமையும். அந்த இடத்தில் எங்கள் முகவரியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியவர், தம் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்திருக்கிறார். அப்படி நுழைந்தவுடன், அதற்கான வசதியுள்ள கணினிகளில் வட்டின் மறைகுறியாக்கம் தானாக இயங்கி, ரெக்கவரி கீ அந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு அதே கணினியில் எத்தனை பேருக்குத் தனிக் கணக்கு திறந்தாலும் கீ இருக்குமிடம் மாறுவதில்லை. தொலைந்த கீயை மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பிரிவாலும் மீட்டுத் தர முடியாது. மீண்டும் உருவாக்கித் தரவும் முடியாது. வீடு கட்டிக் கொடுத்தவர் சாவியைத் தம் பெயரில் பூட்டகத்தில் வைத்துவிட்டுப் போனது போன்ற நிலை இது.

இதன் பிறகு தளம் எங்களை அலைக்கழித்த விதம்தான் 40,000 போனதைவிட அதிகமாக எரிகிறது. முதலில் பேசியவர், “நீங்க ஹார்ட்வேர் ஏதாவது மாத்தியிருப்பீங்க சார், அது எங்க சர்வீஸ்ல வராது” என்றார். எதையும் மாற்றவில்லை என்று சொல்லி, திரையில் தெரிந்த மின்னஞ்சல் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினோம். அடுத்து வந்தவர், அந்த நுட்பர் இப்போது தங்கள் தளத்தில் இல்லை என்றும், அவர் தனிப்பட்ட ஒப்பந்ததாரர் என்றும், தளம் இடைத்தரகர் மட்டுமே என்றும் கூறினார். அப்படியானால் எங்கள் 40,000 யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மூன்றாவதாக ஒருவர், ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் முன்னுரிமை அடிப்படையில் கீயைப் பெற்றுத்தர முயல்வதாகச் சொன்னார். எங்கள் வட்டின் கீயை எங்களுக்கே விலை பேசுகிறார்கள்! மறுத்ததும், “அப்போ ஃபார்மட் பண்ணிக்கோங்க” என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். புகார் எண் “தீர்வு காணப்பட்டது” என்று தானாக மூடப்பட்டு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வி வந்து நின்றது.

வேறு வழியின்றி அந்தக் கணினியை அழித்துப் புதிதாக நிறுவினோம். கடைசியாக எடுத்த நகலுக்குப் பிறகு அதில் செய்த கணக்கு வேலை அனைத்தும் போய்விட்டது. பணியாளர்கள் இருவர் இரவுகளில் விழித்திருந்து அவற்றை மீண்டும் உள்ளிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற 5 கணினிகளைத் திறந்து பார்த்தபோது விஷயம் இன்னும் மோசமாக இருந்தது. நிர்வாகிகள் குழுவில் எங்கள் கணக்கு ஒன்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், எல்லாப் பணியாளர்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன; கூடவே அந்த நுட்பரின் கணக்கும் இருந்தது. எங்களுக்குச் செய்து காட்டிய சோதனைக் கணக்கு ஒன்றுதான் உண்மையில் சாதாரணக் கணக்கு. ஏதோ ஒரு பழைய மென்பொருள் சாதாரணக் கணக்கில் அடம்பிடித்திருக்கும். அந்த ஒரு மென்பொருளுக்கு வேண்டிய கோப்புறையில் மட்டும் எழுத அனுமதி கொடுத்துத் தீர்த்திருக்க வேண்டியதை, எல்லோரையும் நிர்வாகியாக்கி நொடியில் முடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்கும் மேலாக, கணினியில் மாற்றம் செய்யும் முன் அனுமதி கேட்கும் யுஏசி வசதியின் அளவுகோலை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார். நிர்வாகி கணக்கில் அது அடிமட்டத்தில் இருந்தால், நிரல்கள் எந்தக் கேள்வியும் எழாமல் முழு உரிமை பெற்றுக்கொள்ளும். நாங்கள் பார்த்து வியந்த அந்த மங்கிய திரை எந்தப் பணியாளரின் கணக்கிலும் வரவே வராது.

கணக்குவழக்குக் கோப்புறையின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தளம் இதைத்தான் தன் பக்கச் சான்றாகக் காட்டியது. “இரண்டு பேருக்கு மட்டும் பெர்மிஷன் கொடுத்த ஸ்கிரீன்ஷாட் எங்ககிட்ட இருக்கு” என்றார்கள். படம் உண்மைதான். ஆனால் அது கோப்புறைப் பண்புகளின் ‘ஷேரிங்’ தாவலில் உள்ள ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ பகுதியில் எடுத்த படம். அங்கே கொடுக்கும் அனுமதி, பிணையத்தின் வழியாக வேறு கணினியிலிருந்து வருபவரை மட்டுமே கட்டுப்படுத்தும். அதே கணினியில் அமர்ந்து கோப்புறையைத் திறப்பவரை அது தடுக்காது. அவரைத் தடுப்பது பக்கத்திலுள்ள ‘செக்யூரிட்டி’ தாவலில் இருக்கும், வட்டிலுள்ள கோப்புறைக்கே விதிக்கப்படும் என்டிஎஃப்எஸ் அனுமதிதான். பிணைய வழியே வருபவருக்கு இரண்டும் சேர்ந்து, எது கடுமையானதோ அது பொருந்தும். எங்கள் கோப்புறையின் ‘செக்யூரிட்டி’ தாவலில் ‘எவ்ரிஒன்’ (எல்லோரும்) என்ற பெயருக்கு நேராக ‘ஃபுல் கண்ட்ரோல்’ (முழு உரிமை) என்று இருந்தது. ஒரே கணினியை மாறி மாறிப் பயன்படுத்தும் இடத்தில் இந்த வேறுபாடு தெரியாதவர், பயனர் உரிமைகளை அமைத்துத் தருவதாகப் பணம் வாங்கலாமா? அதைச் சரியாக வைத்திருந்தாலும் பயனில்லை என்பது வேறு விஷயம். எல்லோரும் நிர்வாகிகளாக இருக்கும் கணினியில், யார் வேண்டுமானாலும் கோப்புறையின் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விடலாம்.

பணியாளர்களே தங்களை நிர்வாகிகளாக மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்றும் ஒரு கட்டத்தில் எழுதினார்கள். நேர்மையாக உழைக்கும் ஆட்கள் மீது பழி போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்து 4732 என்ற நிகழ்வெண்ணை வடிகட்டிப் பார்த்தேன். உள்ளூர்க் குழு ஒன்றில் ஒரு கணக்கு சேர்க்கப்படும்போது அந்த எண்ணில் பதிவாகும். யார் சேர்த்தார், எப்போது சேர்த்தார் என்பதும் அதில் இருக்கும். பதிவுகள் எல்லாம் அந்த நுட்பர் எங்கள் கணினிகளில் வேலை செய்த அதே மாலையில், அவருடைய கணக்கின் பெயரிலேயே, அடுத்தடுத்து வரிசையாக இருந்தன. அதை அப்படியே அனுப்பி, 40,000ஐத் திருப்பித் தரும்படி கேட்டோம். “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்ற ஒற்றை வரியோடு அவர்கள் பேச்சு நின்றுபோயிற்று.

இதையெல்லாம் ஆற அமர விளக்கி, விரிவான வழிகாட்டியாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்குரிய பொறுமை என்னிடம் இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்கே, நிர்வாகி கணக்கில் நுழைந்து பிட்லாக்கர் பக்கத்தில் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கீ கையில் இல்லாமல் பூட்டிக்கொண்ட பிறகு எதுவும் செய்ய முடியாது. எங்கள் 5 கணினிகளையும் காப்பாற்றியது இதுதான். பழைய கீயை நீக்கிவிட்டுப் புதியதும் உருவாக்கினோம். அச்சிட்ட தாளை அந்தக் கணினியின் அருகிலேயே வைக்காதீர்கள்.

நிர்வாகிகள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படியே இருக்கும் என்று விடாதீர்கள். தெரியாத பெயரை நீக்குவதற்கு முன்பு, உங்களுடைய நிர்வாகி கணக்கு வேலை செய்கிறதா என்று நுழைந்து சோதித்துக்கொள்ளுங்கள். எங்கள் எல்லாக் கணினிகளிலும் நிர்வாகிக்கு ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தார்; ஒன்று கசிந்தால் எல்லாமே போகும், எனவே அதையும் மாற்றுங்கள். தொலைவிலிருந்து இணையும் மென்பொருள், ஆள் இல்லாதபோதும் நுழையும் நிலையான கடவுச்சொல்லோடு இன்னும் உள்ளே கிடக்கிறதா என்று தேடுங்கள். எங்களிடம் கிடந்தது.

விண்டோஸை வேறு யாராவது நிறுவித் தந்தால், முதல் கணக்கின் மின்னஞ்சல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நுட்பர் உருவாக்கிக் காட்டும் சோதனைக் கணக்கில் பார்த்துத் திருப்தியடையாமல், உங்கள் பணியாளர் ஒருவரை அவருடைய கணக்கில் நுழையச் சொல்லி மென்பொருளை நிறுவ முயலச் செய்யுங்கள். அனுமதி இல்லாத கோப்புறையைத் திறக்கவும் சொல்லுங்கள். எழுத்துவடிவக் குறிப்பும் ரெக்கவரி கீயும் கைக்கு வரும்வரை, நுட்பர் எத்தனை இனிமையாகக் கேட்டாலும், அந்தக் குறியெண்ணை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.