சொல்லிச் செய்து வாங்கிய ஆர்எச்5 புரதம்: ஒரு மதிப்பீடு

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைய ஆர்எச்5 என்ற புரதம் இன்றியமையாதது. தடுப்பூசிக்கான சோதனைகளுக்காக அந்தப் புரதத்தை ஒரு தனியார் நிறுவனத்திடம் சொல்லிச் செய்து இரண்டு தொகுதிகளாக வாங்கினோம்.

அனுப்பிய விதத்தில் குறையில்லை. உலர் பனி தீர்வதற்குள் வந்துசேர்ந்தது; சிறு குப்பிகளாகப் பிரித்தே அனுப்பியிருந்ததால், உருக்கி மறுபடி உறையவைக்கும் தொல்லையும் இருக்கவில்லை. தூய்மைச் சான்றிதழில் சொன்னபடியே புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டைதான் தெரிந்தது; வேறு புரதக் கலப்பு இல்லை என்பது அதன் பொருள்.

சிக்கல் பிறகுதான் தொடங்கியது. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த முதல் தொகுதியை எலிகளுக்குச் செலுத்தி எடுத்த சீரத்தை (இரத்தத் தெளிநீரை), எதிர்ப்பொருளை நிறத்தால் காட்டும் எலைசா சோதனையின் தட்டில் இட்டபோது, அமிலம் விட்டதும் குழிகள் எல்லாம் அடர் மஞ்சளாயின; எதிர்ப்பொருள் ஏராளமாக இருப்பதன் அடையாளம் அது. ஆனால் அதே சீரத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை வளர்ப்பூடகத்தில் சேர்த்துப் பார்த்தால், ஒட்டுண்ணி அதைச் சட்டை செய்யாமல் பெருகியது. புரதத்தைப் பிரித்தெடுக்க வசதியாக அதன் நுனியில் ஒட்டிய ஹிஸ்டிடின் வாலுக்கு எதிராகவே எதிர்ப்பொருளில் ஒரு பகுதி உருவாகியிருந்தது. ஊசிக்கும் எலைசாவுக்கும் ஒரே வாலுள்ள புரதத்தைப் பயன்படுத்தியது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய குறை மடிப்பில், அதாவது புரதச் சங்கிலி தன் முப்பரிமாண வடிவத்தை எடுக்கும் விதத்தில், இருந்தது. ஆர்எச்5 பற்றிக்கொள்ளும் ஏற்பி சிவப்பணுவின் மேலுள்ள பேசிஜின் என்பது 2011இலேயே வெளியான செய்தி; இந்தப் புரதமோ பேசிஜினோடு ஏறக்குறைய ஒட்டவே இல்லை. சரியாக மடியாத புரதமும் ஜெல்லில் தூய பட்டையாகத்தான் தெரியும் என்பதால் சான்றிதழால் எங்களுக்குப் பயனில்லாமல் போயிற்று.

பழ ஈயின் செல்களில் தயாரித்த இரண்டாம் தொகுதி வேறு ரகம். பேசிஜினோடு நன்கு பிணைந்தது. அதனால் உண்டான எதிர்ப்பொருள் ஒட்டுண்ணியின் வளர்ச்சியைக் கண்கூடாகக் குறைத்தது. புர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, மூன்றாம் தவணையைத் தள்ளிப்போட்ட பிரிவில் சுமார் 55 சதவீதப் பாதுகாப்பு தந்ததாக 2024இல் முடிவு வெளியான ஆர்எச்5.1 தடுப்பூசியின் புரதமும் இவ்வகைச் செல்களில் உருவானதே. முதலிலேயே இதைக் கேட்காமல் விட்டது சிக்கனமாகத் தோன்றிய அசட்டுத்தனம்.

புரதம் பேசிஜினோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கும் பிணைப்பு அளவீட்டைத் தனிக் கட்டணச் சேவையாக வைத்திருப்பதுதான் இந்த நிறுவனத்தின்மீது எனக்குள்ள மனக்குறை. மூன்றாம் தொகுதியை அவர்களிடமே கேட்டிருக்கிறோம். பேசிஜின் அளவீடு இல்லாத பெட்டியைக் கையொப்பமிட்டு வாங்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.