கால்ல கரண்ட் வச்சா தள்ளாட்டம் போகும்னு சொல்லி 38,500 ரூபாயைப் பிடுங்கிட்டாங்க

வயசான அம்மா அப்பா வீட்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க. ஆத்திரம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன்.

அம்மாவுக்கு 72 வயசு, 20 வருஷமா சர்க்கரை. பாதம் மரத்துப்போச்சு, செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரியாது. ஆடி மாசம் கொல்லையில கிணத்தடியில விழுந்ததுலேர்ந்து நடக்கவே பயம். அந்த நேரம்தான் மன்னார்குடியில ஒரு கல்யாண மண்டபத்துல கால்ல கரண்ட் வைக்கிற இலவச முகாம்னு நோட்டீஸ் வந்துச்சு. பத்து நாள் ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போனேன். ஒரு பைசா கேக்கல.

பத்தாவது நாள் அங்க இருந்த பையன் தரையில உக்காந்து, அம்மா காலைத் தன் மடியில தூக்கி வச்சு, விரல் இடுக்கெல்லாம் துண்டால ஒத்தி எடுத்துட்டு மெஷின்ல வச்சான். பெத்த பொண்ணு நானே அப்படிச் செஞ்சதில்ல. பவரை ஏத்திக்கிட்டே போயி, "கெண்டைக்கால்ல குறுகுறுங்குதாம்மா? நரம்பு முழிச்சுக்கிச்சு"ன்னான். அம்மா எந்திரிச்சு பத்தடி நடந்தாங்க. நான் அழுதுட்டேன். அவன் கை கடைசி வரைக்கும் அம்மா முழங்கைக்கு அடியிலயே இருந்தது இப்பத்தான் உறைக்குது.

38,500 ரூபாய். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டு வந்த பணத்தைக் குடுத்து அந்த மெஷினை வீட்டுக்கு வாங்கிட்டு வந்தேன்.

மூணாவது வாரம் குதிகால்ல புளியங்கொட்டை அளவு கொப்புளம். போன் பண்ணா "பவரைக் குறைங்கக்கா"ன்னான். அப்புறம் "மழை விட்டதும் டெக்னீஷியன் வருவாரு". அதுக்கப்புறம் "அம்மா நம்பிக்கையோட செய்யல போலக்கா". இப்ப எடுக்கறதே இல்ல. மண்டபத்துல கேட்டா காலி பண்ணிட்டுப் போயாச்சாம். பில்லுனு குடுத்த சீட்டுல முகவரியும் இல்ல, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல.

ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட் மெஷினைப் பார்த்துட்டு, வலிக்கு வைக்கிற சாதாரண மெஷின்தான் இதுன்னாங்க. மரத்துப்போன கால்ல இதை வைக்கவே கூடாதாம், சுட்டாகூடத் தெரியாதே. தள்ளாட்டத்துக்கு மின்சாரம்னு ஆராய்ச்சி நடக்கறது நெசந்தானாம். ஆனா அது காதுக்குப் பின்னாடி எலும்பு மேல பட்டை ஒட்டி, உள்காதுல உடம்பை நிலையா வச்சுக்கற உறுப்புக்கு விடறது. ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழ, பெரும்பாலும் ஆளுக்குத் தெரியவே தெரியாத அளவு. பக்கவாதத்துல பாதம் தொங்கிப்போனவங்களுக்கு நடக்கறப்போ தூக்கிவிடற கருவி வேற. குறுகுறுன்னா வேலை செய்யுதுன்னு அவன் சொன்னதை நம்பித்தானே 38,500 ரூபாயை எண்ணிக் குடுத்தேன்!

என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. பேஸ்மேக்கர் வச்சிருக்கறவங்களை இந்த மாதிரி மெஷின் பக்கமே விடாதீங்க. சர்க்கரைக்காரங்க டாக்டரைக் கேக்காம கால்ல எதையும் ஒட்டாதீங்க. முறையான பில் இல்லாம காசு குடுக்காதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நேத்துதான் புகார் குடுத்தேன்.

கொப்புளத்துக்குத் தினம் கட்டு மாத்தறேன். அம்மாகிட்ட மெஷின் 8,500 ரூபாய்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.