மேற்கோளுக்குள் ஒரு காற்புள்ளி: ஆங்கில நிறுத்தக்குறிப் பயிற்சிநூல் பற்றி

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்காக, ஆங்கில நிறுத்தக்குறிகளுக்கென்றே எழுதப்பட்ட பயிற்சிநூல் ஒன்றைக் கோடை விடுமுறையில் வாங்கினேன். நாள்தோறும் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, கடைசிப் பக்கம் வரை முடித்தோம். உரையாடலுக்குக் குறியிடுவதை இவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் நூலை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அதன் விடைப் பகுதியில் உள்ள ஒரு குறையை வாங்குபவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்னும் நால்வகை வாக்கியங்களைச் சொல்லும் முதல் இயலில் பெரும்பகுதி பள்ளியில் படித்ததே. ஓர் இடம் மட்டும் தனித்து நிற்கிறது. 'வேர் இஸ் மை பேக்' என்று நேராகக் கேட்டால் வினாக்குறி வேண்டும். 'ஹி ஆஸ்க்ட் வேர் ஹிஸ் பேக் வாஸ்' என்றால் முற்றுப்புள்ளிதான். ஒருவர் கேட்டதை எடுத்துச் சொல்வது வினா ஆகாது என்பதை நூல் வாக்கியங்களை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்குகிறது.

நூலின் உயிர் உரையாடல் இயலில் இருக்கிறது. தமிழில் பேச்சு முடியும் இடத்தை 'என்று', 'என்றாள்' போன்ற சொற்களே காட்டிவிடுகின்றன. மேற்கோள்குறி விடுபட்டாலும் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பைக் குறிகளே சுமப்பதால்தான் நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். என் மகள், 'ஐ ஆம் டயர்ட்' என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வைத்து மேற்கோளை மூடிவிட்டு, 'ஷி செட்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்குவாள். பேச்சு முடிந்தாலும் வாக்கியம் முடியவில்லை. ஆகவே முற்றுப்புள்ளிக்கு மாற்றாகக் காற்புள்ளியை மேற்கோளுக்கு உள்ளேயே இட்டு, 'ஷி' என்பதைச் சிறிய எழுத்தில் தொடர வேண்டும் என்று நூல் விளக்குகிறது. பேச்சு வினாவாக இருந்தால் வினாக்குறி அப்படியே நிற்கும். அதன் பின்னும் சிறிய எழுத்துத்தான். அடுத்த பக்கத்திலேயே 'ஷி ஸ்மைல்ட்' வருகிறது. புன்னகைப்பது பேசுவதாகாது என்பதால், அங்கே பேச்சு முற்றுப்புள்ளியோடு முடிந்து, புதிய வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்த ஆசிரியர், பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திப் பழகியவராகவே இருக்க வேண்டும். ஒருவரே பல பத்திகளுக்குத் தொடர்ந்து பேசினால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் மேற்கோளைத் திறந்து, கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும் மூட வேண்டும் என்பதை நானே இதில்தான் கற்றுக்கொண்டேன்.

இனி அந்தக் குறை. உரையாடலுக்கு பிரிட்டிஷ் நூல்கள் பெரும்பாலும் ஒற்றை மேற்கோள்குறியையும், அமெரிக்க நூல்கள் இரட்டைக் குறியையும் இடுகின்றன. ஒரு சொல்லையோ தொடரையோ மேற்கோளிட்டு வாக்கியத்தை முடிக்கும்போது, அமெரிக்க முறையில் முற்றுப்புள்ளி மேற்கோளுக்குள் வரும். பிரிட்டிஷ் முறையில் அது வெளியே நிற்கும். இரண்டும் சரியானவையே. ஆனால் இப்படி இரு முறைகள் உண்டு என்று ஒரு வரியும் சொல்லாமல், விடைப் பகுதி ஒரு பக்கத்தில் ஒன்றையும் மறுபக்கத்தில் மற்றொன்றையும் பின்பற்றுகிறது. சரியாக எழுதிய மூன்று விடைகளை என் மகள் தவறென்று அடித்துத் திருத்தியிருந்ததைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். பள்ளியில் எந்த முறையைப் பின்பற்றுகிறார்கள் என்று ஆங்கில ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, விடைப் பகுதியில் மாறுபடும் இடங்களைப் பென்சிலால் குறித்த பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள். எனக்கு அந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.