பட்டை தீட்டிய படமா, ஒட்டிச் சேர்த்த படமா?

கேமரா தந்த படத்தில் வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் சரிசெய்வது ஒரு வழி. வானத்தை மாற்றி, பறவையைச் சேர்த்து, மின்கம்பத்தை அழித்துப் புதிதாக ஒன்றைக் கட்டுவது இன்னொரு வழி. ராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் படம் எடுக்கிற நான், இரண்டையும் செய்து பார்த்துவிட்டு முதல் வழியோடு நின்றுவிட்டேன். இரண்டாவதும் புகைப்படம்தானா என்று கேட்டால், என் பதில் ‘பெரும்பாலும் இல்லை’ என்பதுதான்.

அழகில் ஒட்டுப்படமே ஜெயிக்கும். அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆடிக் காற்றில் மணல் பறந்து, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் வானம் வெளிறிக் கிடக்கும்போது, மேலே ஒரு செந்தூர வானத்தை வைத்துவிட்டால் பாராட்டு குவியும். ஃபோட்டோஷாப்பில் அதற்கு இப்போது சில சொடுக்குகள் போதும்.

இது கணினி கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1850-களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலை எடுத்தபோது, படம் பதியும் அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி உறிஞ்சின. கடல் சரியாக விழுந்தால் வானம் வெள்ளையாகிவிடும். அதனால் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை ஒரே தாளில் அச்சிட்டார். நான் ‘பெரும்பாலும்’ என்றது இவருக்காகத்தான். கண் கண்டதைக் கருவியால் பிடிக்க முடியவில்லை, ஒட்டினார். ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களுக்கு மேலே மிதக்கவிட்டதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது, நாளைக்கு அந்தப் படத்தை எதற்குப் பயன்படுத்த முடியும் என்ற கேள்வி. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அருகருகே கட்டப்பட்ட இந்த இரண்டு பாலங்களிலும் ஒரே நேரத்தில் ரயில் ஓடுவதாக ஒருவர் ஒட்டிக் காட்டினால் பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. இன்று பாம்பன்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்; இருபது ஆண்டு போனால் யாரோ ஒரு மாணவரின் கட்டுரையில் அது வரலாறாகவே உட்கார்ந்துவிடும்.

தனுஷ்கோடி தேவாலயமும் அப்படித்தான். 1964 புயல் விட்டுவைத்த சுவர்களை உப்புக்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு போயிற்று என்பதைப் பழைய படத்தோடு வைத்துத்தான் பார்க்க முடியும். அழகுக்காக விரிசலை மறைத்த படம் அதற்கு உதவாது. கூட்டத்தைப் பெரிதாகக் காட்ட நகலெடுத்து ஒட்டிய பூநாரைகளை எண்ணிப் பயன் உண்டா?

இங்கேதான் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு, கைகொடுக்கிறது. லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் நாம் செய்யும் திருத்தங்கள் தனிக் குறிப்புகளாகச் சேமிக்கப்படும். மூலம் அப்படியே இருக்கும். யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டலாம். வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற உலகளாவிய பத்திரிகைப் புகைப்படப் போட்டியில்கூட இறுதிக் கட்டத்துக்கு வரும் படங்களை மூல ஃபைலோடு ஒப்பிட்ட பிறகே ஏற்கிறார்கள். ஐந்து படங்களைச் சேர்த்து ஒட்டியவர் எந்த ஃபைலைக் காட்டுவார்?

பராமரிப்புத் தொல்லை மட்டும் என் பக்கம்தான் அதிகம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைலே சுமார் 25, 30 எம்பி வரும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி வைக்க வேண்டும்; கடற்கரை ஊரில் அவற்றை ஈரம் அண்டாமல் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு அடைக்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

எல்லைக்கோடு எங்கே என்று கேட்பார்கள். லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் விழுந்த தூசியின் புள்ளியை நான் அழிப்பேன். கரையில் கிடந்த பிளாஸ்டிக் பையை அழிக்கமாட்டேன். இரவு வானப் படங்களில் அடுத்தடுத்து எடுத்த பல ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவது வழக்கம். அதில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் கறாராகப் பேசமாட்டேன். கைபேசி தானாகவே பல ஃப்ரேம்களைக் கலந்து ஒரு படம் தருவதையும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

கல்யாண ஆல்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். தனுஷ்கோடிக் கரையில் நிற்கும் மணமக்களுக்குப் பின்னால் ஆள் உயர நிலாவை வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். நிலாவின் அளவைச் சரிபார்க்க அந்த ஆல்பத்தை யாரும் புரட்டப் போவதில்லை.