ஊர் திரும்பியவளும் ஐந்து பத்திக் காலண்டரும்

தோழி ஒருத்தியின் மகளுக்கு ஜெர்மனியில் ஒரு பள்ளி ஆண்டு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க வேண்டும். "நீ போய் வந்தவளாயிற்றே, அனுப்பலாமா?" என்று கேட்டாள். போவதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்: விசா, குளிர் உடை, ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக முடிந்துவிடும் இரவுச் சாப்பாடு, குப்பையை வகை வகையாகப் பிரித்துப் போடுவது. அவற்றை விட்டுவிடுகிறேன். திரும்பி வந்து வாழ்வதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதற்கு நான் இத்தனை வருடமாகப் பயன்படுத்தும் ஒரு சுவர்க் காலண்டரைப் பற்றிச் சொன்னாலே போதும்.

நான் தங்கியது ஃப்ரைபுர்கில். அந்த வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒடுக்கமாக நீண்ட காலண்டர் ஒன்று தொங்கும். பிள்ளைகள் உள்ள ஜெர்மானிய வீடுகளில் பரவலாகப் பார்க்கக்கூடியதுதான். மாதத்துக்கு ஒரு தாள், தேதிகள் மேலிருந்து கீழாக, வீட்டில் ஆளுக்கு ஒரு பத்தி. அந்தக் காலண்டரில் ஐந்து பத்தி, வீட்டிலோ நான்கு பேர். ஐந்தாவதில் குப்பை வண்டி வரும் நாட்களைக் குறித்து வந்தார்கள். நான் போய் இறங்கிய மறுநாள் காலை, அந்த வீட்டம்மா ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தாள் தாளாகப் புரட்டி, குப்பைக் குறிப்புகளை அழித்து ஓரத்துக்கு மாற்றினார். பத்தியின் தலையில் என் பெயரை எழுதினார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டி, "உன் அம்மா எப்போது கூப்பிடுவார்?" என்று கேட்டார்.

ஞாயிறு 15.30 என்று எழுதினேன். கும்பகோணத்தில் அப்போது இரவு ஏழு மணி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். எனக்கு அது தெரியாது. அந்த ஞாயிறு வந்தபோதுதான் பார்த்தேன், அன்றிலிருந்து எல்லா ஞாயிறுகளையும் அவரே 14.30 என்று திருத்தி வைத்திருந்தார். என் அம்மா ஒரு வாரம்கூடக் காத்திருக்க நேரவில்லை.

தொடக்கத்தில் அந்தக் காலண்டர் எனக்கு அலுவலகப் பணிப்பட்டியல் போல இருந்தது. சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டி வருவதென்றால்கூட முன்கூட்டியே குறிக்க வேண்டும். பல் மருத்துவரை எப்போது பார்க்கிறோம் என்று கேட்டால், ஆண்டின் நாற்பத்து மூன்றாவது வாரம் என்று பதில் வரும். ஆனால் பனிக்காலம் முடிவதற்குள் அதன் அருமை பிடிபட்டுவிட்டது. என் பத்தியில் எட்டு மணிக்கு வருவேன் என்று எழுதியிருந்தால் எட்டு மணி வரை யாரும் என்னைத் தேடுவதில்லை, வந்ததும் விசாரிப்பதில்லை. பதினாறு வயதில், என் நேரம் என்னுடையது என்று அந்தச் சுவர் சொன்னது. கும்பகோணத்தில் அதுவரை எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தக் குடும்பத்துக்கு என் படிப்பால் ஒரு பைசா வரும்படி இல்லை. இங்கிலாந்திலும் மால்டாவிலும் மொழிப் பள்ளி மாணவர்களைத் தங்கவைக்கும் வீடுகள் பணம் வாங்கிக்கொள்ளும், அதில் தவறும் இல்லை. நான் போனது போன்ற பரிமாற்றத்தில் குடும்பங்கள் மனமுவந்து வைத்துக்கொள்கின்றன. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

என் கோபம் அனுப்பிவைத்த அமைப்பின் மேல். புறப்படுவதற்கு முன் நாள்கணக்கில் முகாம் நடத்தினார்கள். கத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்பதுவரை சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது ஒரு பிற்பகல் கூட்டிவைத்து, தேநீர் கொடுத்து, படிவத்தை நிரப்பச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பினால் மனம் தள்ளாடும் என்பது யாரும் அறியாத ரகசியமா? 1955இல் நார்வே சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து, அயல்நாட்டில் மனநிலை முதலில் உயரத்தில் இருந்து, சரிந்து, மீண்டும் ஏறுகிறது என்று எழுதினார். ஆங்கில எழுத்து யு போன்ற கோடு. 1963இல் கல்லஹார்ன் தம்பதியர் அதனோடு இன்னொரு சரிவைச் சேர்த்து அதை டபிள்யூ ஆக்கினார்கள். அந்த இரண்டாவது சரிவு, சொந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு வருவது. இவ்வளவு காலமாகத் தெரிந்த ஒன்றுக்கு ஒரு பிற்பகல் போதும் என்று எப்படித் தோன்றியது?

நான் ஊர் திரும்பிய ஆண்டு டிசம்பரில் அந்த வீட்டம்மாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே அதே காலண்டர், புத்தாண்டுக்கானது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் அனுப்புகிறார். பொருளைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். தாள் கெட்டி, பென்சிலுக்கு ஏற்றது. ஆனால் நம் சமையலறை ஆவியில் ஐப்பசிக்குள் ஓரங்கள் சுருண்டுவிடும், கம்பிச்சுருளில் துரு ஏறும். அச்சிட்ட விடுமுறைகள் ஜெர்மனிக்கானவை. அக்டோபர் 3, அவர்களின் ஒருமைப்பாட்டு நாள், பளிச்சென்று தெரியும். முதல் நாள் வரும் காந்தி ஜெயந்திக்கு அடையாளமே கிடையாது. பொங்கலையும் தீபாவளியையும் நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அப்பா காலையில் தாளைக் கிழித்து ராகு காலம், சந்திராஷ்டமம் பார்ப்பவர். பக்கத்தில் இருந்ததை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாட்டிதான் முதலில் வாய் திறந்தார். "வெளியே கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கவே கூடாது என்பார்கள். இவள் சுவரிலேயே எழுதிவைக்கச் சொல்கிறாளே!" எங்கள் வீட்டில் யாரும் எங்கே என்று கேட்பதில்லை, தூரமா என்றுதான் கேட்பார்கள். வீடு பூட்டியிருக்கும் நாளை ஊருக்கே அறிவிக்க வேண்டுமா என்பது அம்மாவின் வாதம். வந்துபோகும் அத்தை என் பத்தியின் முன் நின்று, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து, யார், எதற்கு, எந்த பஸ்ஸில் என்று கேட்டார். அங்கே கேள்விகளை நிறுத்திய அதே தாள் இங்கே கேள்விகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தது.

இன்றுவரை தீராத எரிச்சல் ஒன்று உண்டு. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களுக்கு நான் இணையத்தில் மொழி கற்பிக்கிறேன். வகுப்பு நேரங்கள் என் பத்தியில் இருக்கின்றன. போன வாரம் காலைக் காப்பியோடு அம்மா சொன்னார்: "இன்று சாயங்காலம் வளைகாப்பு, உன்னை எதிர்பார்ப்பார்கள், ஐந்து மணிக்குத் தயாராக இரு." பத்திரிகை வந்து பத்து நாளாகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. "ஐந்து மணிக்கு வகுப்பு என்று எழுதியிருக்கிறேனே அம்மா" என்றேன். "அதனால் என்ன, ஆறு மணிக்கு வைத்துக்கொள்" என்றார். அந்தக் கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை.

ஆனாலும் அம்மாவின் பத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். மாதத் தொடக்கத்தில் அது வெறுமையாக இருக்கும். நாள் போகப் போக நிறையும். அம்மா நடக்கப்போவதை எழுதுவதில்லை, நடந்து முடிந்ததை எழுதுகிறார். "ஒப்பிலியப்பன் கோவில், கூட்டமில்லை, நல்ல தரிசனம்." "பெரியம்மா வந்தாள், இரவு தங்கினாள்." "கேஸ் மாற்றியது." "அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது." என் பத்தியில் இடம் போதாமல் போனால் அதிலும் எழுதுகிறார்: "மழையில் நனைந்து வந்தாள். ரசம் வைத்தேன்." பழைய காலண்டர்களை நான் தூக்கிப் போடவில்லை. நான் எழுதிய குறிப்புகளில் பாதி இப்போது எனக்கே விளங்கவில்லை. அம்மா எழுதியவற்றைத்தான் எடுத்தெடுத்துப் படிக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், தோழி இந்த வாரம் கேட்டதால் அவளுக்கு என் பதில் இதுதான்: பதினாறு வயதில் ஒரு முழு ஆண்டு வேண்டாம். உன் மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் போகட்டும். தன் வீட்டில் தனக்கென்று ஓர் இடம் பழகுவதற்குள்ளேயே இன்னொரு வீட்டின் ஒழுங்கு அவள் உடம்பில் ஊறிவிடும். பிறகு இரண்டு வீட்டிலும் ஏதோ குறைகிறது என்று அலைவாள். அந்த வீட்டம்மாவைப் போன்ற ஒருவர் அவளுக்கும் வாய்த்தால் இந்த அலைச்சல் கூடுமே தவிரக் குறையாது.

அதையும் மீறி அனுப்புவதாக இருந்தால் பள்ளியில் போய்ப் பேசு. ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன்-வுர்டெம்பெர்க் மாநிலத்தில் பள்ளி ஆண்டு ஜூலைக் கடைசியில்தான் முடியும். நம் ஊரில் ஜூனிலேயே வகுப்பு தொடங்கிவிடும். அவள் வந்து எந்த வகுப்பில் உட்காருவாள், விட்ட பாடத்தை யார் நடத்துவார்கள் என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள். திரும்பியவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று அமைப்பிடமும் கேள். தேநீரும் படிவமும்தான் பதில் என்றால் முன்பணம் கட்டாதே.