தோட்டப் பாதைக்கு அரிவாளா, இயந்திரமா?

பழனிமலை அடிவாரத் தோட்டங்களில் மழைக்குப் பின் ஒற்றையடிப் பாதையை உண்ணிச்செடி மூடிவிடும். வெறும் புல் என்றால் புல்வெட்டும் இயந்திரமே வேகம். அதில் வெட்டும் தகட்டுக்குப் பதில் நைலான் நரம்பே போதும்.

புதர் என்றால் நான் அரிவாளைத்தான் எடுப்பேன். முதுகு வலிக்கும், உண்மைதான். ஆனால் கண்ணாடி விரியன் சட்டென்று விலகிப் போகாது. கிடந்த இடத்திலேயே உரக்கச் சீறும். இயந்திர இரைச்சலில் அந்த எச்சரிக்கை காதில் விழாது. அரிவாளோடு போகிறவர் நீண்ட கழியால் புதரைத் தட்டிப் பார்த்து, சற்றுப் பொறுத்து வெட்டலாம். காட்டுக்கோழி அடைகாப்பதைக் கண்டால் அந்தப் புதரை அப்படியே விட்டுவிடலாம். அந்த முட்டைகளுக்காகவாவது நிதானம் வேண்டும்!

எதில் வெட்டினாலும் உண்ணி மறுபடி துளிர்க்கும். கடப்பாரையால் வேரோடு பெயர்க்க வேண்டும். காட்டுமாடு எதிர்ப்பட்டால் வேலையை நிறுத்தி, மெல்லப் பின்வாங்கி வழிவிடுங்கள்.