ஹெச்.265ஆ, ஏவி1ஆ: பாட வீடியோக்களுக்கு நான் எடுத்த முடிவு

பிளஸ் டூ கணக்குப் பாட வீடியோக்கள் நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எல்லாம் ஹெச்.264 என்ற பழைய வீடியோ சுருக்க முறையில் உள்ள பைல்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்தது ஒரு பக்கம், பிள்ளைகளின் டேட்டா தீர்வது இன்னொரு பக்கம். அதைவிடப் புதிய முறைகளான ஹெச்.265, ஏவி1 இரண்டிலும் சுருக்கிப் பார்த்துவிட்டு ஏவி1-க்கு மாறியிருக்கிறேன்.

படத்தரத்தில் சண்டை போட ஒன்றுமில்லை. கரும்பலகை எழுத்து இரண்டிலும் தெளிவு. பைல் அளவும் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. என் பழைய கணினியில் என்கோடிங் (சுருக்கும் வேலை) வேகத்தில் ஹெச்.265 தான் முந்தியது.

முடிவைத் தீர்மானித்தது காப்புரிமையும் அதற்காகக் கேட்கும் காசும். மாற்றிய ஹெச்.265 பாடம் ஒன்றை ஒரு மாணவியின் லேப்டாப்பில் போட்டேன். என் குரல் கேட்கிறது, திரை கறுப்பு. வீடியோவை விரித்துக் காட்டும் மென்பொருளான கோடெக்குக்குத் தனியாகக் காசு கட்டச் சொல்லி ஒரு பெட்டி வந்து நின்றது. விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டால் ஓடும்தான். ஆனால் பாடம் பார்க்க உட்கார்ந்த பிள்ளைக்கு எதற்கு அந்த வேலை?

ஹெச்.265 தரமாக ஏற்கப்பட்டது 2013-இல். அருமையான தொழில்நுட்பம், ஆனால் அதன் காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தன. 2014-இல் எம்பெக் எல்ஏ என்ற உரிம நிறுவனம், பலரின் காப்புரிமைகளைச் சேர்த்து ஒரு கூட்டு உரிமம் கொண்டுவந்தது: ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டும் ஒவ்வொரு கருவிக்கும் 20 சென்ட். சரி, கட்டிவிடலாம் என்றால், 2015-இல் ஹெச்இவிசி அட்வான்ஸ் என்ற இன்னொரு உரிமக் குழு தனியாகக் கிளம்பியது (ஹெச்இவிசி என்பது ஹெச்.265-இன் இன்னொரு பெயர்). வீடியோ வருமானத்திலும் 0.5 சதவீதம் கேட்டு, எதிர்ப்பு வந்தபின் கைவிட்டது. 2017-இல் மூன்றாவதாக வெலோஸ் மீடியா. மூன்றிலும் சேராத காப்புரிமைக்காரர்கள் வேறு. விலையைவிட, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாததுதான் எல்லோரையும் தயங்க வைத்தது என்பேன். குரோமில் ஹெச்.265 ஓட 2022 ஆனது, அதுவும் கருவியின் ஹார்டுவேர் துணை இருந்தால்தான். ஒன்பது வருடம்! வீடியோ தரங்களை வகுக்கும் எம்பெக் குழுவை நிறுவிய லியோனார்டோ கியாரிலியோனேயே 2018-இல் இந்த உரிம முறை உடைந்துவிட்டது என்று எழுதினார்.

அதே 2018-இல் வந்ததுதான் ஏவி1. கூகுள், நெட்பிளிக்ஸ், அமேசான், மொசில்லா போன்றவை 2015-இல் சேர்ந்த கூட்டணியின் படைப்பு. உறுப்பினர்கள் தங்கள் காப்புரிமைகளை ராயல்டி (பயன்பாட்டுக் கட்டணம்) இல்லாமல் தருகிறார்கள். ஏவி1-ஐ எதிர்த்துக் காப்புரிமை வழக்குப் போடுபவர் அந்த உரிமத்தை இழப்பார். அந்த லேப்டாப்பில் பிரௌசரைத் திறந்ததும் ஏவி1 பாடம் அப்படியே ஓடியது. ஆனாலும் காப்புரிமைச் சிக்கலே வராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சிஸ்வெல் நிறுவனம் ஏவி1-க்கும் ஒரு காப்புரிமைத் தொகுப்பை அறிவித்து ராயல்டி கேட்கிறது.

எடுத்த போனிலேயே பார்க்கும் குடும்ப வீடியோ என்றால் ஹெச்.265 போதும், ஒரு தொந்தரவும் இல்லை. ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கு ஏவி1 தான்.

பழைய போன்கள்தான் இடிக்கின்றன. ஏவி1-ஐ விரிப்பதற்கென்றே சிப்பில் உள்ள பகுதி, அதாவது ஹார்டுவேர் டிகோடர், இல்லாவிட்டால் எல்லாச் சுமையும் பிராசசர் மேல் விழும். ஐபோனிலேயே 2023-இல் 15 ப்ரோவில்தான் அது வந்தது. நான் சோதித்தவை இரண்டே போன்கள்: ஒன்றில் 720பி தடங்கலின்றி ஓடியது, இன்னொன்று பத்து நிமிடத்தில் கையைச் சுட்டது. அப்படிப்பட்ட போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் 480பி ஹெச்.264 பிரதி ஒன்றையும் வைத்திருக்கிறேன்.